நின்று வாங்கிய திருநீறு

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்களே, முதலில் ஒன்று கேட்கிறேன். உங்களில் யாருக்காவது குரங்கு என்றால் பயமா? பயமிருந்தால் கோல் மார்க்கெட் பக்கம் வேலை கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அங்கே குவார்ட்டர்ஸ் பால்கனிகளில் நம்மைவிட அதிகாரத்தோடு உட்கார்ந்திருக்கும். விரட்டினால் நம்மையே முறைக்கும். நான் சொல்லப்போவது ஒரு குரங்கில்தான் ஆரம்பிக்கிறது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கல்யாணமான சூட்டோடு கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து டெல்லிக்கு வந்தவள். பஸ் நம்பர் தெரியாமல், கண்டக்டர் கூவுகிற கூவலை வைத்தே இந்த ஊரைச் சுற்றிவந்தேன். ஒருவர் மூக்கால் கூவினால் லோதி ரோடு, தொண்டையால் கூவினால் புசா ரோடு. ஆள் மாறிவிட்டால் வேறெங்காவது போய் இறங்குவேன். இறங்கிய இடத்தில் ஒரு சாயா குடித்துவிட்டுத் திரும்பி வருவேன். அதுவும் ஒரு சந்தோஷம்தான். பாத்திரம் தேய்க்கப் போன வீட்டில் ஒரு பெரியம்மா விழுந்தார். அவரைப் பார்த்துக்கொள்ளப் போய் அதுவே தொழிலானது. விழுந்து இடுப்பெலும்பு உடைந்த கிழவிகள் எல்லாம் என் பங்குக்கே வருவார்கள். எங்களை வீடுகளுக்கு வேலைக்கு அனுப்புகிற ஆபீஸுக்கு ஆயா பீரோ என்று பேர், அங்கே போன் வந்தால், "எந்த அஞ்சலை வேணும்? இடுப்பு அஞ்சலையா?" என்று கேட்கும் அளவுக்குப் பேர் வாங்கினேன்.

தூக்குவது, துடைப்பது, புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் பீரோவிலேயே காட்டித் தருவார்கள். அதை நான் சொல்லப்போவதில்லை. யாரிடம், எப்போது முரண்டு பிடிக்க வேண்டும் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். அதை யாரும் காட்டித் தர மாட்டார்கள்.

வெங்காயம் விலை ஏறி ஊரே அழுத வருஷம். தீபாவளி முடிந்து குளிர் லேசாக எட்டிப் பார்த்த நேரம். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் மாடி வீட்டில் ஒரு திருநெல்வேலிக் குடும்பம் இருந்தது. மகன் மத்திய சர்க்கார் ஆபீசர், ரிடையர் ஆகும் வயதை நெருங்கியவர். அவர் மனைவி. ஆபீசருடைய அம்மா. அந்த அம்மாவை எல்லோரும் ஆச்சி என்பார்கள். தொண்ணூறு தாண்டிய உடம்பு, காய்ந்த முருங்கைக்காய் மாதிரி இருக்கும். வாய் மட்டும் பச்சை மிளகாய்.

மிளகாய் என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த ஆச்சி பால்கனியில் மோர்மிளகாய் காயப்போட்டிருந்தார். டெல்லிக் குளிர்கால வெயிலில் அது எங்கே காயும்? ஆனாலும் போடுவார். குரங்கு வந்து கை வைத்தது. ஆச்சி கம்பை எடுத்துக்கொண்டு ஓடினார். ஓடினார் என்றுதான் மருமகள் சொன்னார். அந்த வயதில் ஓட்டம்! வாசல்படியில் கால் தட்டி இடுப்பு அடிபட விழுந்தார். குரங்கு ஒரு கடி கடித்துப் பார்த்து, காரம் தாங்காமல் மிளகாயைத் துப்பிவிட்டுப் போய்விட்டது. "சவம், தின்னாமயாவது போச்சே" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி ஆச்சி என்னிடம் திருப்திப்பட்டுக்கொண்டார். அதுதான் நாங்கள் பேசிய முதல் பேச்சு. அப்போதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

பகலில் பார்த்துக்கொள்ள என்னை ஆஸ்பத்திரிக்கே கூப்பிட்டிருந்தார்கள். போனபோது அங்கே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அறுப்பதா, வேண்டாமா? டாக்டர் ஒரு இளம் சர்தார்ஜி. பூசி மெழுகாமல் சொன்னார். அறுத்தாலும் ஆபத்து உண்டு, இதயம் தாங்க வேண்டும். அறுக்காமல் படுக்கையில் போட்டால் அதைவிட ஆபத்து. நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும், வலியும் போகாது. தொடையெலும்பின் முனையில் உடைந்த உருண்டையை எடுத்துவிட்டு இரும்பு உருண்டை வைத்தால் எழுந்து நிற்க ஒரு வழி இருக்கிறது. சீக்கிரம் முடிவு சொல்லுங்கள் என்றார்.

மகன் முடிவு சொல்லவில்லை. எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் ஊருக்கெல்லாம் போன் போட்டார். பாளையங்கோட்டையில் ஆச்சியின் தம்பி இருந்தார். அவருக்கே எண்பது தாண்டிவிட்டது. இந்த வயதில் கத்தி எதற்கு, கிடக்கிற வரை கிடக்கட்டும், கங்கை ஜலம் பக்கத்தில்தானே இருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டார். சென்னையில் இருக்கிற பேரன்கள் பாளையங்கோட்டைத் தாத்தா சொன்னால் சரி என்றார்கள். இப்படி ஊர் ஊராக ஓட்டுப் போட்டார்கள். கட்டிலில் இருந்தவரிடம் யாரும் ஓட்டுக் கேட்கவில்லை.

மகன் திரும்பி வந்து கட்டிலோரம் நின்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். ஆச்சி முடிக்க விடவில்லை.

"ஏல, ஒடஞ்சது யாரு இடுப்பு?"

"உங்க இடுப்புதாம்மா."

"அப்ப நீங்க எல்லாரும் என்னத்துக்கு வாய் வலிக்கப் பேசுதிய? சும்மா கெடந்து சாவுறதுக்கு அறுத்துக்கிட்டே சாவுதேன். பொழச்சா லாபம்."

அவ்வளவுதான். சர்தார்ஜிக்குத் தமிழ் புரியவில்லை. ஆனாலும் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாளே அறுத்தார்கள்.

அறுத்த பிறகு ஒரு கூத்து நடக்கும். முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் பயந்து ஓடிவிடுவீர்கள். வயதானவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்து அறுத்தால் சில நாள் புத்தி தடம் மாறும். ஆச்சிக்கு வார்டு முழுக்க ரயிலாகத் தெரிந்தது. திண்டுக்கல் வந்துவிட்டதா என்று கேட்டார். பக்கத்துக் கட்டில் பஞ்சாபிக் கிழவியிடம், ஜன்னலோர சீட் எனக்குத்தான் என்று சண்டைக்குப் போனார். மகன் வராந்தாவில் நின்று அழுதார். அம்மாவுக்கு உயிர் மிஞ்சியது, புத்தி போய்விட்டது என்று நினைத்துவிட்டார்.

அந்த வார்டில் ஒரு மூத்த நர்ஸம்மா இருந்தார். பேர் கேட்டுவைக்கத் தோன்றவில்லை, இன்றைக்கும் வருத்தம்தான். என்னை இழுத்து நிறுத்தி, முதலில் கிழவிக்குக் கண்ணாடியைப் போடு, பல்செட்டைக் கொடு, ஜன்னல் திரையை விலக்கி வெளிச்சம் காட்டு, அவர் பாஷையிலேயே பேசு என்றார். பொய் சொல்லாதே, சண்டையும் போடாதே, எந்த இடம் என்று மெல்லச் சொல்லிக்கொண்டே இரு என்றார். நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். இது ரயில் இல்லை ஆச்சி, ஆஸ்பத்திரி, டெல்லியில்தான் இருக்கிறோம் என்பேன். "அப்ப டிக்கெட்டுக் காச திரும்ப வாங்கு" என்பார். இரண்டு மூன்று நாளில் ரயில் நின்றது. ஒரு காலையில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "ஏட்டி, இந்த ஆசுபத்திரியில காப்பின்னு ஒண்ணு குடுக்கானுவளே, அத யாரு கழுவி ஊத்துனது?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷ அழுகை.

உள்ளே இரும்பு இருக்கிறது என்று தெரிந்ததும் ஆச்சிக்கு ஒரே பெருமை. எவர்சில்வர் கால் என்றே பேர் வைத்துவிட்டார். நாளைக்கு எரித்தால் இது மட்டும் சாம்பலில் மிச்சம் கிடக்கும், அதைத் துலக்கி என் தம்பிக்குக் கொடுத்துவிடுங்கள், கத்தி வேண்டாம் என்று சொன்னவன் அவன்தானே என்பார்.

வீட்டுக்கு வந்தோம். இங்கேதான் நம் வேலை ஆரம்பிக்கிறது.

டாக்டர் போட்ட கட்டளைகள் கொஞ்சம்தான். தாழ உட்காரக் கூடாது. கால் மேல் கால் போடக் கூடாது. உட்கார்ந்தபடி முன்னால் குனியக் கூடாது. மீறினால் வைத்த உருண்டை குழியிலிருந்து நழுவிவிடும், மறுபடி ஆஸ்பத்திரிதான். மற்றபடி தினமும் எழுந்து நிற்க வேண்டும், நடக்க வேண்டும். இதைச் சொல்லித் தர ஒரு பஞ்சாபிப் பெண் ஸ்கூட்டரில் வருவார். பிசியோ மேடம். கன்னம் இரண்டும் சிவந்து, உல்லன் தொப்பியோடு, "சலோ மாதாஜி, ஜல்தி" என்று அவசரப்படுத்திக்கொண்டே நுழைவார்.

குவார்ட்டர்ஸில் குந்தி உட்காருகிற கக்கூஸ். அதனால் ஓட்டை வைத்த நாற்காலி வாங்கினார்கள். உட்காருகிற நாற்காலிக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தினோம். அதுவரை மகன் எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டார். நிற்பதும் நடப்பதும்தான் வேண்டாம் என்றார். மேடம் வந்தால் மேடம் முன்னால் பேசாமல் இருப்பார். அவர் போனதும் என்னிடம், அம்மா காலைத் தரையில் வைக்கக் கூடாது, எல்லாம் கட்டிலிலேயே செய்துவிடு, அதற்குத்தானே உன்னை வைத்திருக்கிறேன் என்பார்.

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அம்மா விழுந்தபோது அடுத்த அறையில் இருந்தவர் அவர். எலும்பு உடைந்த சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். காலையில் ஆபீஸ் போகும்முன் அம்மா காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பெற்றவளை எழுப்பி நடக்கவிட்டால் பிள்ளை எதற்கு என்பது அவர் நியாயம். நம் ஜனங்களிடம் இதுதான் சங்கடம். பகைத்துக் கெடுப்பதில்லை, பாசத்தால் படுக்க வைத்துவிடுவார்கள். படுத்தவர்களைச் சுற்றிப் பழரசமும் விசிறியுமாக உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக வழியனுப்பிவிடுவார்கள்.

நான் என்ன செய்தேன்? சார் என்று நான் கூப்பிடுகிற மகனின் ஸ்கூட்டர் ஆபீஸுக்குக் கிளம்பும் சத்தம் கேட்டதும் ஆச்சி போர்வையை விலக்குவார். மருமகள் பால்கனியில் நின்று, ஸ்கூட்டர் திருப்பத்தைத் தாண்டிவிட்டது என்று சைகை காட்டுவார். ஆமாம், அவரும் எங்கள் கட்சிதான். மேடம் சொன்னதை மட்டும் செய்தோம், சொன்ன அளவுக்கு மட்டும். இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். டாக்டர் சொன்னதை வீட்டாருக்குத் தெரியாமல் செய்ய நேர்ந்தால், நாளைக்குத் தெரிந்தாலும் தலைநிமிர்ந்து நிற்கலாம். டாக்டர் சொல்லாததை நமக்கே தெரியும் என்று செய்யக் கூடாது. முதல் வகை முரண்டு, இரண்டாவது திமிர்.

ஆனால் திருட்டுத்தனமாக நின்ற நிற்பு போதவில்லை. ஆச்சி எழுவார், வலியில் உதட்டைக் கடிப்பார், உட்கார்ந்துவிடுவார். எதற்கு நிற்க வேண்டும் என்று ஒரு காரணம் இல்லாவிட்டால் வயதான கால் நிற்காது. மேடம் "மாதாஜி, ஒன் மோர்" என்றால், "ஒனக்கு மோரு வேணும்னா அடுக்களைக்குப் போட்டீ" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வார். கால் மெலிந்துகொண்டே வந்தது. மேடம் என்னிடம் தனியாக, இப்படியே போனால் இந்தக் குளிர்காலம் முடிவதற்குள் படுக்கைதான் என்று சொல்லிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் ஊரிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

பொங்கலுக்கு என்று பேர். நிஜம் எல்லோருக்கும் தெரியும். கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அவர்கள் அடுத்த அறையில் கிசுகிசுப்பது ஆச்சிக்கு நன்றாகக் கேட்கும். என்னிடம், "பாக்க வரலட்டி. வழியனுப்ப வந்திருக்காவ" என்றார். முகத்தில் ஒரு சிரிப்பு. கோபக்காரச் சிரிப்பு.

பாளையங்கோட்டைத் தம்பியும் வந்து இறங்கினார். கையில் பெட்டி, கழுத்தில் மப்ளர், தலையில் குரங்குக் குல்லா. பெட்டிக்குள் கரை போட்ட வெள்ளை வேட்டி புதிதாக இருந்தது என்று மருமகள் பார்த்துவிட்டு வந்து சொன்னார். காரியத்துக்குக் கட்டிக்கொள்ளத்தான் என்று எங்கள் இருவருக்கும் புரிந்தது. திரும்பிப் போக டிக்கெட் எடுக்காமலே வந்திருந்தார்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். ஊரிலிருந்து யார் வந்தாலும் குளித்துவிட்டு ஆச்சி காலில் விழ வேண்டும். விழுந்தவர் எழும்முன் ஆச்சி குனிந்து, தோளைத் தொட்டு, நெற்றியில் திருநீறு பூசுவார். தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். அன்றைக்கு ஆச்சியை நாற்காலியில் உட்கார வைத்து, மடியில் திருநீற்றுக் கிண்ணத்தைக் கொடுத்திருந்தார்கள். குனியக் கூடாது என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மகனுக்கு டாக்டரே நேரில் சொல்லியிருக்கிறார். ஆச்சிக்கும் தெரியும். யாருக்கும் தெரியாமல் இல்லை.

தம்பிதான் முதலில் வந்தார். மப்ளரைக் கழற்றிவிட்டு, "அக்கா" என்று குரல் உடைந்து, அத்தனை வயதில் அப்படியே நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்தார். எழ முடியாமல் கிடந்தார். அவர் முதுகு குலுங்கியது.

ஆச்சியின் கை தானாக இறங்கியது. கையோடு தோள் போனது. தோளோடு உடம்பு முன்னால் மடங்க ஆரம்பித்தது.

நான் யோசிக்கவில்லை. உள்ளங்கையை ஆச்சியின் மார்பில் வைத்துப் பின்னால் தள்ளினேன். முதுகு நாற்காலியில் மோதியது. மடியிலிருந்த கிண்ணம் பறந்துபோய்த் தம்பியின் வழுக்கைத் தலையில் கவிழ்ந்தது.

 கூலிக்கு வந்த ஒருத்தி குடும்பத்துக்கு மூத்தவளைத் தள்ளிவிட்டாள். தம்பி மேலே திருநீற்றுக் குப்பை. மகன் முகம் கறுத்துவிட்டது.

"நீ கெளம்பு. இப்பவே."

 நான் கையை எடுக்கவில்லை, ஆச்சி மார்பிலேயே வைத்திருந்தேன். அவர் இன்னும் தம்பியை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தார்.

"போறேன் சார். மொதல்ல இவரை எழுப்புங்க. இவரு கீழ கெடக்கற வரைக்கும் அவங்க குனிவாங்க. அதுவரைக்கும் நான் எங்கயும் போவ மாட்டேன்."

பெண்களே, இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு நான் முதலில் விளக்கம் சொல்லியிருந்தால் உருண்டை நழுவியிருக்கும். தள்ளிவிட்டு அப்புறம் சொன்னேன். நம் வேலையில் சில நேரம் மரியாதையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், எலும்பை முதலில் பார்க்க வேண்டும். அதற்காகத் திட்டு விழும். விழட்டும்.

சென்னையிலிருந்து வந்திருந்த பேரன்கள் தம்பியைத் தூக்கி உட்கார வைத்தார்கள். இமை, மீசை, காது எல்லாம் திருநீறு. பழனிப் பண்டாரம் மாதிரி விழித்தார். ஆச்சி அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள் ஒரு சிரிப்பு. பல்செட் ஆடுகிற சிரிப்பு. தம்பிக்கும் சிரிப்பு வந்து, அழுகையும் சிரிப்புமாகத் தும்மினார்.

சிரித்து முடித்ததும் ஆச்சி மகனைப் பார்த்தார்.

"அவளைப் போவச் சொல்லாதல. எவன் விழுந்தாலும் என் கை தானாப் போவுது. என்னால நிப்பாட்ட முடியல. அதனால விழுறவன்தான் நிப்பாட்டணும். இனிமே எவனும் என் கால்ல விழப்படாது."

"அப்போ திருநீறு?" என்றார் தம்பி.

"நின்னு வாங்கு. நானும் நின்னு தாரேன்."

மகன் பதறினார். "நிக்கவேணாம்மா."

"அப்ப யாருக்கும் கெடையாது. போயி இட்லி தின்னுங்க."

சொல்லிவிட்டு ஆச்சி கண்ணை மூடிக்கொண்டார். அறையில் ஒருவரும் நகரவில்லை. இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்து வந்தவர்கள் ஆச்சி கையால் நெற்றியில் ஒரு கோடு வாங்காமல் எப்படிப் போவார்கள்? தம்பி மெல்ல, மருமகனே, அக்கா நிக்கட்டும்யா என்றார். கிடக்கிற வரை கிடக்கட்டும் என்று போனில் சொன்ன அதே வாய். மகன் என்னைப் பார்த்தார்.  கடைசியில், "கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்றார்.

ஆச்சி இடுப்பில் துண்டைச் சுற்றிக் கட்டி, பின்னால் நான் பிடித்துக்கொண்டேன். முன்னால் வாக்கர். எழுந்தார். இடது கை வாக்கரில், வலது கை கிண்ணத்தில். தம்பிக்குப் புதிதாகப் பூச நெற்றியில் இடமே இல்லை, ஆனாலும் பூசினார். உட்கார்ந்தார். மூச்சு வாங்கினார். "அடுத்தாளு வா" என்றார். எழுந்தார். பேரனுக்குப் பூசினார். உட்கார்ந்தார். உதட்டைக் கடிக்கவே இல்லை. மேடம் கெஞ்சிக் கெஞ்சிச் செய்ய வைக்க முடியாத பயிற்சியை ஒரு குடும்பமே வரிசையில் நின்று செய்ய வைத்தது.

அன்றிலிருந்து அதுவே நடைமுறை. ஊர்க்காரர்கள் தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து நிற்பார்கள். குவார்ட்டர்ஸில் இருந்த மற்றத் தமிழ் வீட்டார் கேள்விப்பட்டு வந்தார்கள். கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மா, "மாதாஜி கா பிரசாத்" என்று நெற்றியைக் காட்டினார். ஒரு நாள் மேடம் வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். நாளையிலிருந்து வாசல் பக்கம் நின்று பூசச் சொல், அவ்வளவு தூரம் நடந்து வரட்டும் என்று என் காதில் சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாம் தேனாக ஓடியது என்று நினைக்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்கவில்லை. ஆச்சிக்கு உற்சாகம் தலைக்கேறி, வருகிறவனை எல்லாம் கூப்பிட்டு எழுந்து எழுந்து பூசினார். சாயங்காலம் பார்த்தால் கால் வீங்கி மினுமினுத்தது. நான் போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். ஆச்சிக்கு வந்ததே கோபம். "ஏட்டி, ஒனக்கு நான் ஆண்டையா, எனக்கு நீ ஆண்டையா?" என்று கத்தினார். இன்றைக்கு நான்தான் என்றேன். மருமகள் டாக்டருக்குப் போன் பண்ணி வீக்கத்தைச் சொன்னார். அவர் காட்டச் சொன்னதும் அழைத்துப் போய்க் காட்டிவிட்டு வந்தோம். ரத்தம் எங்கும் உறையவில்லை, அலுப்புதான் என்றார். மறுநாள் முழுக்க ஆச்சி என்னோடு பேசவில்லை. காப்பி கொடுத்தால் சுவரைப் பார்த்துக் குடித்தார். முரண்டு என்றால் வீட்டாரிடம் மட்டும் பிடிப்பதல்ல, தைரியசாலிப் பேஷண்டிடமும் பிடிக்க வேண்டும். அதுதான் ரொம்பக் கஷ்டம், ஏனென்றால் நமக்கு அவர்களைத்தான் பிடித்திருக்கும்.

எல்லோரும் ஆச்சி ஆவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எவ்வளவோ பாடுபட்டும் எழாமலே போனவர்கள் உண்டு. நான் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே போனவர்களும் உண்டு. அது நம் தோல்வி அல்ல, அவர்கள் தோல்வியும் அல்ல. ஆனால் முயன்று பார்க்காமலே போர்த்திப் படுக்க வைப்பதை மட்டும் நான் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

வந்தவர்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்பினார்கள். தம்பி மட்டும் போகவில்லை. குளிரை வைதுகொண்டே உட்கார்ந்திருந்தார். வந்தது வந்தாச்சு, இருந்து முடித்துவிட்டே போகலாம் என்று அவர் யாரிடமோ போனில் சொன்னது ஆச்சி காதிலும் விழுந்தது. ஆச்சி கோபப்படவில்லை. என்னிடம், மாடிப்படி இறங்க மேடத்தைச் சொல்லித் தரச் சொல்லு என்றார்.

மேடம் சொல்லிக் கொடுத்தார். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது உடைந்த கால் முதலில். நான் தமிழில் மாற்றிச் சொன்னேன். எவர்சில்வருக்குத்தான் முதல் மரியாதையா என்று கேட்டுக்கொண்டார். முதல் நாள் ஒரு படி. அப்புறம் இரண்டு. மேடம் இல்லாதபோது படிப் பக்கமே போகவில்லை. சாருக்குத் தெரியாமலும் செய்யவில்லை, அந்தக் காலம் போய்விட்டது. அவரே வந்து நிற்பார். இரண்டு படி கீழே, ஆச்சிக்கு முன்னால், கையை விரித்துக்கொண்டு, குழந்தைக்கு நிற்பது போல. கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கொள்வார். "கண்ணைத் தொறந்து பிடில" என்பார் ஆச்சி.

குளிர் விட்டு வெயில் இளஞ்சூடாக விழ ஆரம்பித்த நாளில், தம்பி ஒருவழியாக டிக்கெட் எடுத்தார். புது வேட்டி பெட்டிக்குள் மடிப்புக் கலையாமல் திரும்பிப் போயிற்று. வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அவர் உள்ளே வந்து விடைபெற நின்றார். பழக்க தோஷத்தில் முழங்கால் மடங்கியது. நான் பார்த்த பார்வையில் நிமிர்ந்துவிட்டார்.

ஆச்சி திருநீறு பூசவில்லை. கீழே வா, தாரேன் என்றார்.

வாக்கரைச் சார் எடுத்துக்கொண்டு முன்னால் போனார். ஆச்சி ஒரு கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்தார், மறு கையில் தடி. நான் பின்னால் துண்டைப் பிடித்திருந்தேன். பாதி வழியில் ஆச்சி நின்றார். "இழுக்காதட்டி. விடு. பக்கத்துல நில்லு" என்றார். மேடத்தைப் பார்த்தேன், அன்றைக்கு வேண்டுமென்றே அவரை வரச் சொல்லியிருந்தேன். "அச்சா, சோட் தோ" என்றார். விட்டேன். கையை மட்டும் ஒரு விரற்கடை தள்ளி வைத்துக்கொண்டு கூடவே இறங்கினேன். தொடவில்லை. என் வேலையில் நான் செய்த கஷ்டமான காரியம் எது என்றால், தூக்கியதும் இல்லை, துடைத்ததும் இல்லை, அன்றைக்குத் தொடாமல் இறங்கியதுதான்.

ஆட்டோ பக்கத்தில் ஆச்சி வாக்கரைப் பிடித்து நின்றார். கீழ்வீட்டு அம்மா நெற்றியில் கைவைத்து வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தார். மதிற்சுவரில் ஒரு குரங்கு. அதே குரங்குதானா என்று எனக்குத் தெரியாது, ஆச்சி அதுதான் என்று சாதிப்பார். அதை ஒரு முறை முறைத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த பொட்டலத்தைப் பிரித்து, தம்பி நெற்றியில் நீளமாக ஒரு கோடு இழுத்தார்.  வழியனுப்ப வந்தவரை ஆச்சி ரோடு வரைக்கும் நடந்துவந்து வழியனுப்பினார்.

"பாத்துப் போல. கீழ விழுந்துறாத. ஒன்னத் தூக்க ஆளில்ல."

ஆட்டோ திருப்பம் தாண்டியது. சார் சட்டை முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேலே போகலாமாம்மா என்றார். ஆச்சி வெயிலைப் பார்த்தார். புல்லில் கயிற்றுக் கட்டில்கள் போட்டுப் பெண்கள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள். கட்டில் தாழ்வாக இருக்கும் என்று நான் சொல்ல வாயெடுக்கும்முன் ஆச்சியே சொல்லிவிட்டார்.

"மேல போயி என்ன செய்ய? என் ஒசர நாற்காலிய எறக்குங்க. மோர்மிளகாத் தட்டையும் எடுத்துட்டு வா. அந்தச் சவம் இன்னிக்கு வரட்டும், பாப்போம்."